மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்க எந்தக் கேமரா? போன், யூ.எஸ்.பி., பழைய டி.எஸ்.எல்.ஆர்., ராஸ்பெரி பை

அம்பாலாவில் செய்த மாணவர் மைக்ரோஸ்கோப் ஒன்று மேசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 160 மி.மீ. குழாய், ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) செருக 23.2 மி.மீ. துளை, 4, 10, 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவ்கள் (ஸ்லைடுக்கு நேரே நிற்கும் லென்ஸ்கள்). ரியோ என்ற அழகுச்செடியின் இலைத் தோலுரிப்பையோ மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்து நீரில் மிதக்கும் பாசியையோ படம் எடுக்க வேண்டும். கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்குதான். அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம்.

10 எக்ஸ் ஆப்ஜெக்டிவின் என்.ஏ. (ஒளியை எவ்வளவு அகலமாக வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண்) 0.25. பச்சை ஒளியில் அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி சுமார் 1.3 மைக்ரான். அதைப் பதிய இரண்டு பிக்சல் வேண்டும். ஐபீஸின் பார்வை எண் (அது காட்டும் வட்டத்தின் விட்டம், மி.மீ.இல்; ஆப்ஜெக்டிவின் எக்ஸால் வகுக்க வேண்டும்) 18 என்றால் கண்ணுக்குத் தெரியும் வட்டம் 1.8 மி.மீ. ஆக, வட்டத்தின் குறுக்கே 2,700 பிக்சல் போதும். வட்டம் முழுவதும் அடங்க 7 மெகாபிக்சல். 40 எக்ஸில் 1,750 பிக்சலே போதும். 48, 64 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதால் ஆப்ஜெக்டிவ் தராத நுணுக்கம் படத்தில் வந்துவிடாது. ஐபீஸுக்கும் சென்சாருக்கும் நடுவே என்ன இருக்கிறது, வட்டத்தில் எவ்வளவு சென்சாரில் விழுகிறது, எது அதிர்கிறது என்பவைதான் படத்தின் தரத்தை முடிவு செய்கின்றன.

போன்

கையில் ஏற்கெனவே இருப்பதால் செலவு பிடிப்பானுக்கு மட்டும்தான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்பிரிங் கிளிப் வகை நாலு படத்துக்குள் நழுவும். இரு திசையிலும் திருகு வைத்து நகர்த்தும் வகையை வாங்குங்கள்.

போன் லென்ஸ் நிற்க வேண்டிய இடம் ஐபீஸின் ஒளிப்புள்ளி. விளக்கை ஏற்றி, ஒரு துண்டு டிரேசிங் தாளை ஐபீஸுக்கு மேலே பிடித்து மெல்ல உயர்த்துங்கள். ஒளிவட்டம் மிகச் சிறிதாகவும் விளிம்பு கூர்மையாகவும் தெரியும் உயரம்தான் அந்த இடம். சாதாரண ஐபீஸில் இது 10 மி.மீ.க்குச் சற்று முன்பின் இருக்கும். கண்ணாடி அணிந்தவர்களுக்கான ஐபீஸில் இன்னும் உயரம். போன் அதைவிடக் கீழேயோ மேலேயோ நின்றால் வட்டம் சுருங்கும். பக்கவாட்டில் விலகினால் பிறை போல ஒரு பக்கம் இருளும். இதை ஆப்ஜெக்டிவ் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை.

ஃபிரேமின் நடுவில் வட்டம், சுற்றிலும் கறுப்பு என்று வருவது பழுதல்ல. 10 எக்ஸ் ஐபீஸ் காட்டும் கோணம் 40 டிகிரி. போனின் முதன்மைக் கேமரா அதைவிட அகலமாகப் பார்க்கிறது. 2 எக்ஸ் வைத்தால் கறுப்பு பெரும்பாலும் மறையும். தொல்லை தருவது வேறொன்று: கிட்டத்தில் ஏதோ இருக்கிறது என்று எண்ணி போன் தானாகவே அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவும், படம் திடீரென மறையும். புரோ முறைக்குப் போய் லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர், வெள்ளைச் சமநிலை நான்கையும் பூட்டிவிட்டு, 2 வினாடி டைமரில் எடுங்கள். 200 கிராம் போன் சாய்ந்த தலையைத் தன் பக்கம் சுழற்றிவிடும். தலையின் பூட்டுத் திருகை இறுக்கிவிட்டே போனை மாட்டுங்கள்.

யூ.எஸ்.பி. ஐபீஸ் கேமரா

ஐபீஸைக் கழற்றிவிட்டு அதே துளையில் செருகுவது. வகுப்பில் 40 பேருக்குத் திரையில் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பரப்பில் ஏமாற்றம் தரும். 5 மெகாபிக்சல் வகையில் பரவலாக உள்ள 1/2.5 அங்குலச் சென்சாரின் அளவு 5.7 × 4.3 மி.மீ. நேராகச் செருகினால் கண் பார்க்கும் வட்டப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் பதியும். 0.5 எக்ஸ் குறைப்பு லென்ஸ் சேர்த்தால் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு. அது இல்லாத கேமராவை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் ஃபோகஸ். கண்ணுக்குத் தெளிவு, திரையில் மங்கல் என்றால் சென்சார் சரியான உயரத்தில் இல்லை. கேமராவைத் துளையிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராக உயர்த்திப் பார்த்து, தெளிவு வரும் இடத்தில் பி.வி.சி. குழாயில் வெட்டிய வளையம் ஒன்றை மாட்டுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் ஒரே ஃபோகஸ் நின்றுவிடும்.

வாங்கும்போது யூ.வி.சி. வகையா என்று கேளுங்கள். அதற்கு டிரைவர் வேண்டாம், லினக்ஸிலும் ஓடும். யூ.எஸ்.பி. 2 கம்பியில் சுருக்காத 5 மெகாபிக்சல் படம் வினாடிக்கு மூன்று நான்குக்கு மேல் வராது. ஸ்லைடை நகர்த்தினால் திரை திக்கும். தேடும்போது குறைந்த பிக்சல் முறையில் தேடி, எடுக்கும்போது மட்டும் முழு அளவுக்கு மாற்றுங்கள்.

பழைய டி.எஸ்.எல்.ஆர்.

ஆய்வுக் கட்டுரைக்கோ சுவரில் மாட்டவோ படம் வேண்டுமென்றால் எங்கள் தேர்வு இதுதான். ஆனால் எந்தக் கேமரா உடலானாலும் போதும் என்றில்லை. உள்ளே எழும்பும் கண்ணாடியும் ஷட்டர் திரையும் அடிக்கும் அடி 40 எக்ஸில் படத்தை இரட்டையாக்கும். 1/60 முதல் 1/4 வினாடி வரை மிக மோசம். லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கும் முறையில்) ஷட்டரின் முதல் திரையை மின்னணுவாகத் திறக்கும் உடல் வேண்டும். கேனான் 600டி, 700டி அப்படிப்பட்டவை; நிக்கான் டி3200 அப்படியல்ல. கண்ணாடியே இல்லாத சோனி ஏ6000த்திலும் இந்த வசதி உண்டு.

லென்ஸைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் குழாயில் மாட்டும் மலிவு அடாப்டர்கள் கிடைக்கின்றன. அவற்றில் சென்சார் குழாய்க்கு வெகு மேலே போய்விடுவதால் குழாய் நீளம் கூடுகிறது, 40 எக்ஸில் கூர்மை குறைகிறது. ஐபீஸை அப்படியே விட்டு அதன் மேல் லென்ஸோடு கேமராவை நிறுத்துவதே நல்லது. 10 எக்ஸ் ஐபீஸின் குவியத் தூரம் 25 மி.மீ.; மேலே கேனான் 40 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வைத்தால் 1.6 மடங்கு. 18 மி.மீ. வட்டம் 28.8 ஆகிறது, 700டி சென்சாரின் மூலைவிட்டம் 26.8. மூலை கறுக்காது, பரப்பும் வீணாகாது. 24 மி.மீ. லென்ஸில் மூலைகள் இருளும், 50 மி.மீ. லென்ஸில் பரப்பு குறையும். லென்ஸைக் கைமுறைக்கு மாற்றி முடிவிலியில் வைத்து, அதன் ஒளித்துளையை முழுவதும் திறந்துவிடுங்கள். ஃபோகஸ் மைக்ரோஸ்கோப் திருகில் மட்டும்.

580 கிராம் உடலை மைக்ரோஸ்கோப் தலையில் தொங்கவிடக் கூடாது. பழைய ஸ்டுடியோக்களில் சும்மா கிடக்கும் என்லார்ஜரின் (பிலிமைப் பெரிதாக்கி அச்சிடும் கருவியின்) தூண் இதற்கென்றே செய்தது போல இருக்கும். என்லார்ஜரின் தலையைக் கழற்றிவிட்டு கேமராவைக் கட்டுங்கள். நேர்க்குழாய் மைக்ரோஸ்கோப்போ டிரைனாக்குலர் துளையோ (கேமராவுக்கென்றே உள்ள மூன்றாவது குழாயோ) இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். வெளிச்சம் புகாமலிருக்க ஒரு வளையம் தேவை. லென்ஸின் முனைக்கு ஏற்ற 52 மி.மீ. மரை வெட்டச் சொன்னால் கூலி ஏறும், மலிவு யூ.வி. ஃபில்டரின் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த வளையத்துக்குள் பொருந்தும் டெல்ரின் (கெட்டியான பிளாஸ்டிக்) துண்டை மதுரைப் பக்கம் கப்பலூரிலோ கே.புதூரிலோ ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். உள்விட்டம் ஐபீஸின் வெளிவிட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். தொடக் கூடாது, தொட்டால் அதிர்வு இறங்கும்.

இந்த அமைப்பில் ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிடுவதால் லென்ஸை எஃப் 32இல் மூடியதற்குச் சமம். சென்சாரில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் கரும்புள்ளியாகத் தெரியும். சித்திரை வைகாசிப் புழுதியில் இது லேசான தொல்லை அல்ல. ஸ்லைடு இல்லாத வெற்றுப் புலத்தை ஒரு படம் எடுத்து வைத்து, இமேஜ்ஜே மென்பொருளில் மற்றப் படங்களை அந்தப் படத்தால் வகுத்தால் புள்ளிகளும் சீரற்ற ஒளியும் நீங்கும்.

ராஸ்பெரி பை ஹெச்.க்யூ.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோடு இணைக்கும் கேமரா. 12.3 மெகாபிக்சல், சி மவுண்ட் (லென்ஸைத் திருகி மாட்டும் ஒரு வகை வாய்). பரப்பு யூ.எஸ்.பி. கேமராவைப் போலத்தான், 6.3 × 4.7 மி.மீ. பிக்சல் 1.55 மைக்ரான் மட்டுமே என்பதால் 2,028 × 1,520 முறையில் எடுத்தாலே நுணுக்கம் குறையாது. மணிக்கணக்கில், இடைவெளி விட்டுவிட்டுப் படம் எடுக்க இதற்கு இணையில்லை. கட்டளை தட்டத் தெரியாதவர்களுக்கு வேண்டாம்.

நான்குக்கும் பொதுவான தொல்லை விளக்கு. படத்தில் குறுக்கே பட்டைகள் ஓடினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எல்.இ.டி. வினாடிக்கு 100 முறை துடிக்கிறது என்று பொருள். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு வையுங்கள். மங்கலாக்கும் குமிழைத் திருப்பும்போது பட்டை கூடினால், குமிழை முழுதாக ஏற்றிவிட்டு வெளிச்சத்தை ஷட்டரால் குறையுங்கள். ஸ்லைடுக்குக் கீழே உள்ள கண்டென்சரின் டயஃப்ரத்தை (ஒளித்துளையை) இறுக்கி வெளிச்சம் குறைப்பவர்கள் கூர்மையைத்தான் குறைக்கிறார்கள்.

எதை வாங்கினாலும் 1 மி.மீ. நூறாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவுகோல் பொறித்த ஸ்லைடு) ஒன்று வேண்டும். ஒவ்வொரு ஆப்ஜெக்டிவிலும் அதை ஒரு படம் எடுத்து, இமேஜ்ஜேயில் அளவுகோல் அமைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஜூமைத் தொட்டாலோ யூ.எஸ்.பி. கேமராவின் வளையத்தை மாற்றினாலோ அந்த எண் செல்லாது. மறுபடி எடுக்க வேண்டும்.