பழைய வானொலிப் பெட்டியைப் புதுப்பிக்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

720 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டு ஒருவர் என் பெரியப்பாவின் வானொலிப் பெட்டியைப் பாழாக்கித் திருப்பித் தந்திருக்கிறார். ஊர், பேர் எழுதப் போவதில்லை. அவர் வேலை செய்த விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1956இல் தவணை முறையில் வாங்கிய பிலிப்ஸ் வால்வு வானொலி அது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் முகப்பில் இருக்கும் பச்சைக் கண் குவியும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே ரேடியோ மலாயாவின் தமிழ் நிகழ்ச்சிகளையும் இலங்கை வானொலியையும் கேட்டு வளர்ந்தவர்கள் என் அண்ணன்மார். பெரியம்மா சிறிய வீட்டுக்கு மாறியபோது, "நீயே வைத்துக்கொள், உனக்குத்தான் இதில் உயிர்" என்று என்னிடம் கொடுத்தார். மேற்பரப்பில் பூச்சட்டி வைத்த வெள்ளை வளையம், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். மற்றபடி மரத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

கொடுப்பதற்கு முன் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அக்காலத்து வானொலிப் பெட்டிகள் பலவற்றில் நாம் பார்க்கும் அந்தச் செம்பழுப்பு மரத்தின் நிறம் அல்ல. ஒட்டுப்பலகையின்மேல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத வால்நட் மரத்தாளை, அதாவது வெனீரை, ஒட்டுவார்கள். ஓரச் சட்டங்களுக்கும் அடிப்பகுதிக்கும் விலை குறைந்த வெளிர்நிற மரம். இரண்டும் ஒரே மரம்போலத் தெரிவதற்காக, சாயம் கலந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை (வேகமாகக் காயும் மரப்பூச்சு) மெல்லிய படலமாகத் தெளிப்பார்கள். இதற்கு டோனிங் லாக்கர் என்று பெயர். ஒவ்வொரு முறை தெளிக்கும்போதும் நிறம் ஒரு படி ஆழமாகும், ஆனால் அடியில் இருக்கும் மரவரி மறையாது. ஆக, பழைய பூச்சை நீக்கினால் நிறமும் அதோடு போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர அதே முறையில்தான் தெளிக்க வேண்டும். தூரிகையால் பூசினால் வராது. இதை என் வீவக அடுக்குமாடி வீட்டில் வைத்துச் செய்ய வழியில்லை. அந்த லாக்கரின் ஆவி எளிதில் தீப்பற்றும்; தகுந்த காற்றோட்டம் வேண்டும். அதனால்தான் ஆள் தேடினேன்.

இணைய விளம்பரம் ஒன்றில் அவர் கிடைத்தார். கிழக்கே ஒரு தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை. நம்மவர், முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் நிறைய "அக்கா, அக்கா" என்றார். டோனிங் லாக்கர் பற்றி நான் கேட்டதும், "அதுதான் அக்கா என் வேலையே. உள்ளே இருக்கும் வானொலிக் கருவியை வெளியே எடுத்துவிட்டு, பழைய பூச்சை நீக்கி, டோனர் அடித்து, மேலே பளபளப்பு லாக்கர் ஆறு பூச்சு தெளித்துத் தருகிறேன்" என்றார். எல்லாச் சொல்லும் சரியாக இருந்தது. நான் மயங்கியது அங்கேதான். அவர் இதற்கு முன் செய்து முடித்த ஒரு பெட்டியையாவது காட்டச் சொல்லியிருக்க வேண்டும். கைப்பேசியில் காட்டிய படங்களே போதும் என்று நினைத்துவிட்டேன். தீபாவளி முடிந்த வாரம் 360 வெள்ளி முன்பணம் கொடுத்தேன். ரசீதில் "பெட்டி புதுப்பித்தல்" என்று இரண்டே சொற்கள்.

மூன்று வாரம் என்றவர் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டார். டிசம்பரில் நாள் தவறாமல் மழை. "காயவில்லை அக்கா" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு சொல் மட்டும் உண்மை என்று பின்னால் புரிந்தது.

ஜனவரிக் கடைசியில் மீதிப் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன். பட்டறையின் மங்கிய விளக்கில் பளபளவென்றுதான் இருந்தது. வீட்டுச் சன்னலோரம் வைத்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. மரவரியையே காணோம். ஒரே சாக்லேட் நிறம், நாற்காலிக்குப் பூசும் பூச்சுப்போல. ஓரங்களில் தூரிகை மயிரின் தடம். மேல் விளிம்பில் இரண்டு விரல் நீளத்துக்கு வெனீர் அடியிலுள்ள பலகை வரை தேய்ந்துபோயிருக்கிறது. அதற்கு மேலும் அதே பழுப்பைத் தடவி மூடியிருக்கிறார். ஒலிபெருக்கித் துணியின் விளிம்பில் பூச்சு ஊறி அட்டைபோல விறைத்திருந்தது.

மறுநாள் குமிழ்களைக் கழற்றினேன். திருகாணிகளைத் தளர்த்தி உருவியபோது, ஒவ்வொரு குமிழின் அடியிலும் பழைய பூச்சு வட்டமாக அப்படியே இருந்தது. குமிழைக் கழற்றாமல் கருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க முடியாது. ஆகவே அவர் கருவியை எடுக்கவே இல்லை. உள்ளே வைத்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். பின் அட்டையைத் திறந்து பார்த்தால், நிலையம் பிடிக்கும் மாறுமின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே மரத்தூள். ஒரு தாளின் இடைவெளிதான் அந்தத் தகடுகளுக்குள் இருக்கும்.

பெட்டியின் பின்விளிம்பில் பழுப்புப் பூச்சு சரியாக மூடாத ஓர் இடம் இருந்தது. அங்கே பால் ஊற்றியதுபோல ஒரு வெண்மை. லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் படலத்துக்குள் சிக்கி வெளுத்துவிடுகிறது. நம் ஊர் மழைக்காலத்தில் இது நடப்பது இயல்பு. பஞ்சில் தின்னர் தொட்டு அந்த வெண்மையைத் தேய்த்தேன், கரைந்து வந்தது. பக்கத்திலிருந்த பழுப்பைத் தேய்த்தேன். சுருங்கியதே தவிரக் கரையவில்லை. லாக்கர் தின்னரில் கரையும், காய்ந்து இறுகிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு கரையாது. நடந்தது இதுதான்: மழையில் லாக்கர் தெளித்திருக்கிறார், வெளுத்துப் போயிருக்கிறது, அதை மறைக்க நிறம் கலந்த பாலியூரித்தேனைத் தூரிகையால் பூசியிருக்கிறார்.

எனக்கு ஆறாத கோபம் இங்கேதான். வெளுத்தது பெரிய தவறே அல்ல. மழை விட்ட நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரை லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். "அக்கா, வெளுத்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன். லாக்கர்மேல் லாக்கர் தெளித்தால் முந்தைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். பின்னால் வருகிறவர் எளிதாகச் சரிசெய்யலாம். பாலியூரித்தேனை அப்படிக் கரைத்து எடுக்க முடியாது. மறுபடி நீக்க வேண்டும், ஏற்கெனவே தேய்ந்துபோன வெனீரிலிருந்து.

தொலைபேசியில் கேட்டேன். "பழைய மரம் அப்படித்தான் அக்கா இருக்கும்" என்றார். எந்த டப்பாவிலிருந்து பூசினீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்டுவிட்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு செய்தேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். தயங்காதீர்கள், நான் தமிழாசிரியை, சட்டம் எதுவும் படித்தவள் அல்ல. குமிழ் வட்டங்களின் படங்களையும், கொடுப்பதற்கு முன் எடுத்த நான்கு படங்களையும் வைத்தேன். சமரசக் கட்டத்திலேயே 400 வெள்ளி திருப்பித் தர ஒப்புக்கொண்டார். முழுத்தொகையும் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ரசீதில் "டோனிங் லாக்கர், தெளிப்பு முறை, கருவியை வெளியே எடுத்தபின்" என்று எழுதி வாங்காததுதான் என் வாதத்தின் ஓட்டை. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதி வாங்குங்கள். ஒரு துண்டு வெனீர்ப் பலகையில் நிறத்தைத் தெளித்துக் காட்டச் சொல்லுங்கள். "உப்புத்தாள் போட்டுச் சுத்தமாக்கிவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய பூச்சைப் பூச்சு நீக்கியால் இளக்கித்தான் எடுக்க வேண்டும். வேலை முடிந்தபின் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று: திரும்பி வந்த வானொலியை ஆசையில் உடனே மின்னிணைப்பில் செருகிவிட வேண்டாம். பழைய காகித மின்தேக்கிகளில் மின்சாரம் கசியும். தெரிந்தவர் சோதித்த பிறகுதான்.

இப்போது வேறொருவரிடம் பேசியிருக்கிறேன். வயதானவர், பியானோக்களுக்குப் பூச்சு வேலை செய்தவர். அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார், முன்பணம் கேட்கவில்லை. மார்ச்சில் மழை குறைந்தபின் தொடங்கலாம் என்றார். வெனீர் தேய்ந்த இடத்துக்கு ஒட்டு போட வேண்டியிருக்கும், தழும்பு முழுதாக மறையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். குமிழ்களைக் கழற்றிக் காட்டினேன். ஐம்பது காசு நாணயம் அளவுள்ள அந்த வட்டங்களைக் கைவிளக்கில் நெடுநேரம் பார்த்தார். "இதை யாரும் தொட வேண்டாம், எனக்கு இந்த நிறம்தான் வேண்டும்" என்று சொல்லி, நான்கின்மேலும் காகித நாடாவை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.