நோட்டு கையில் இல்லாதவரிடம் நோட்டு வாங்காதீர்கள்: அமெரிக்க அடமான நோட்டு ஏமாற்று

அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டுவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் நோட்டு. அதை வாங்கியவருக்குத் தவணைகள் போய்ச் சேரும் என்பதால் கைமாற்றி விற்கிறார்கள். விற்பவரிடமிருந்து எக்செல் பட்டியல் ஒன்று வரும். அசல் பாக்கி 60,000 டாலர், விலை 30,000, கடன்காரர் மாதம் தவறாமல் கட்டுகிறார் என்று இருக்கும். "நாளைக்குள் வயர் (வங்கி வழிப் பணம்) அனுப்பினால் உங்களுக்கு" என்பார்கள். பணம் போன பிறகுதான் தெரியும், விற்றவர் உரிமையாளரே இல்லை, தரகருக்குத் தரகர். அதே நோட்டை இரண்டு பேருக்கு விற்றவர்களும் உண்டு.

இது நடக்கக் காரணம் இருக்கிறது. வீட்டின் மீதான அடமானம் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ரெக்கார்டர் என்ற பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகிறது. நோட்டோ வெறும் தாள், கைமாறியதும் அது பதிவேட்டில் ஏறிவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

அதனால் விலை பேசும் முன்பே மூல நோட்டின் ஸ்கேனையும், அதில் ஒட்டிய அலாஞ்ச்களையும் (நோட்டை அடுத்தவருக்கு மாற்றிக் கையெழுத்திட்ட கூடுதல் தாள்கள்) கேளுங்கள். முதலில் கடன் கொடுத்த வங்கியிலிருந்து இப்போது விற்பவர் வரை ஒவ்வொரு கைமாற்றுக்கும் அசைன்மென்ட் (அடமான உரிமையை மாற்றித் தரும் பத்திரம்) இருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும் வழக்கு இழுத்தடிக்கும். "நோட்டு தொலைந்துவிட்டது, அஃபிடவிட் தருகிறேன்" என்றால் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். விலையை வெட்டுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

வில்லங்கம் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். சொத்து வரி பாக்கி அடமானத்துக்கு முன்னால் நிற்கும். வரிக்காக வீடு ஏலம் போய்விட்டால் உங்கள் கையில் ஈடில்லாத கடன்தான் மிஞ்சும். வரி வசூலிக்கும் கவுண்டி டிரெஷரரிடம் பாக்கியை நேரே கேளுங்கள். நீங்கள் வாங்குவது அதே வீட்டின் மீதான இரண்டாவது அடமானமா என்றும் பாருங்கள். முதல் அடமானக்காரர் ஏலம் விட்டால் வீட்டின் மீதான உங்கள் பிடி போய்விடும், ஏலத்தில் மிச்சப் பணம் இருந்தால்தான் உங்களுக்கு ஏதாவது வரும். கட்டாமல் கிடக்கும் நோட்டு என்றால் வழக்குப் போடும் காலக்கெடு முக்கியம்: ஏல வழக்குக்கு நியூயார்க்கில் 6 ஆண்டு, ஃபுளோரிடாவில் 5.

தவணை வரலாற்றை விற்பவர் அனுப்பும் எக்செல்லில் நம்பாதீர்கள். குறைந்தது 12 மாதக் கணக்கு, தவணை வசூலிக்கும் நிறுவனமான சர்வீசரிடமிருந்து நேராக வரட்டும். சர்வீசர் பெயரைச் சொல்லவே தயங்குபவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பணம் எஸ்க்ரோ (பணத்தையும் ஆவணத்தையும் நடுவில் வைத்திருக்கும் நிறுவனம்) வழியாக மட்டுமே. விற்பவர் சொல்லும் எஸ்க்ரோவே போலியாக இருக்கலாம், உரிமம் உண்டா என்று அந்த மாநிலத்தில் பாருங்கள், கலிஃபோர்னியாவில் அதற்கு டிஎஃப்பிஐ என்ற மாநில நிதித் துறை. வயர் விவரத்தை மின்னஞ்சலில் வந்த எண்ணில் அல்ல, நீங்களே தேடி எடுத்த எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். மூல நோட்டு, அலாஞ்ச், பதிவுக்குத் தயாரான அசைன்மென்ட் மூன்றும் வந்த பிறகே பணம் விடுவிக்கப்பட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். முடிந்ததும் அசைன்மென்ட்டை உடனே பதிவு செய்யுங்கள்.

விற்கிறீர்களா? மதிப்பீட்டுக் கட்டணம் முன்கூட்டிக் கேட்பவர் வேண்டாம். மூல நோட்டைப் பணம் வரும் முன் வாங்குபவருக்கு அனுப்பாதீர்கள், எஸ்க்ரோவுக்கு மட்டும். ஆசை காட்டி உயர்ந்த விலை சொல்லி, பல வாரம் இழுத்துக் கடைசி நேரத்தில் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்தக் காரணங்களுக்கு விலை குறையலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே வயர் போய்விட்டதா? அன்றே வங்கியைக் கூப்பிட்டு வயரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள், எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3-இல் புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் பிடித்தால்தான் உண்டு.