பிளாஸ்டிக் ஃபீமர் மாதிரி: முன்பக்கம் அருமை, மீடியல் (உட்புற) பக்கம் ஏமாற்றம்

எலும்பியல் படிக்கும் மாணவர்களுக்கான முழு அளவு பிவிசி தொடை எலும்பு இது. தசை ஒட்டுமிடங்களுக்கு வண்ணம் பூசாத வகை. மேல் முனையில் குறையில்லை. பார்க்க வேண்டியது முழங்கால் முனையைத்தான்.

அங்குள்ள இரண்டு கான்டைல்களும் (உருண்ட புடைப்புகள்) மேசையில் படும்படி நிறுத்தினால் தண்டு 7 முதல் 10 டிகிரி வரை வெளிப்பக்கம் சாய வேண்டும். இது சரியாகவே சாய்கிறது. தண்டைச் செங்குத்தாகப் பிடித்தால் மீடியல் கான்டைல் கீழிறங்கி நிற்கிறது. மட்டமான வார்ப்புகள் முதலில் கோட்டைவிடும் இடம் இது. முழங்கால் சில்லு ஓடும் பள்ளம் இன்னும் அருமை. அதன் லேட்டரல் (வெளிப்புற) விளிம்பு நன்றாக முன்துருத்தியிருக்கிறது. சில்லு வெளிப்பக்கம் நழுவாமல் தடுக்கும் எலும்புச் சுவர் அதுதான். கீழ்முனை மட்டும் கையில் இருந்தாலும் இடதா வலதா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

லேட்டரல் எபிகான்டைலும் (கான்டைலின் பக்கவாட்டுப் புடைப்பு), அதன் கீழே பாப்ளிட்டியஸ் தசைநாண் படியும் பள்ளமும் தெளிவு.

மீடியல் பக்கம் திருப்பினால் மனம் சோர்கிறது. எபிகான்டைலுக்குச் சுமார் 12 மி.மீ. மேலே, 8 மி.மீ. பின்னே இருக்க வேண்டிய அடக்டர் டியூபர்கிள் என்ற சிறு முகடு இதில் மழுங்கிக் கிடக்கிறது. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு அவ்வழியே போகிறது. அதைத் தேய்த்தபோது முகடும் சேர்ந்து போயிருக்கிறது. மிச்சமிருக்கும் அச்சுக்கோட்டை மீடியல் சுப்ராகான்டைலார் கோடு (கான்டைலுக்கு மேலே எலும்பில் ஓடும் வரம்பு) என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான கோடு ஃபெமரல் தமனி பின்பக்கம் கடக்கும் இடத்தில் மங்கி, பிறகு டியூபர்கிள் வரை இறங்கும். அச்சுக்கோடோ எங்கும் விடாமல் ஒரே நேராக ஓடுகிறது.

இது சின்னக் குறை அல்ல. அடக்டர் மேக்னஸ் என்ற உள்தொடைத் தசையின் தசைநாண் ஒட்டுவது அந்த முகட்டில். சில்லை உட்பக்கம் இழுத்துப் பிடிக்கும் மீடியல் பட்டெல்லோஃபெமரல் லிகமென்ட் என்ற இணைப்பு நாரைத் தேடுவதும் முகட்டுக்கும் எபிகான்டைலுக்கும் நடுவே உள்ள தாழ்வில்தான். முகடு இல்லையென்றால் அந்தத் தாழ்வும் இல்லை.

கான்டைல்களுக்கு இடைப்பட்ட பள்ளம் போதிய ஆழம். ஏசிஎல் (முன் குறுக்கு லிகமென்ட்) லேட்டரல் கான்டைலின் உட்சுவரிலும், பிசிஎல் (பின் குறுக்கு லிகமென்ட்) மீடியல் கான்டைலின் உட்சுவரிலும் ஒட்டுவதைக் காட்ட இது போதும். ஆனால் சுவர்கள் வழவழவென்று இருக்கின்றன. ஏசிஎல் எல்லையைக் காட்டும் மெல்லிய வரம்பு இல்லை. அறுவைச் சிகிச்சையில் துளையிடும் இடத்தைக் கற்பிக்க இது உதவாது.

முதலாண்டுப் பாடத்துக்கு வாங்கலாம். வாங்கியதும் அச்சுக்கோட்டை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே சொன்ன இடத்தில் எபாக்ஸி மாவை ஒரு பொட்டு வைத்து முகட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். வழுவழுப்பான பிவிசியில் வைத்தால் உரிந்து வந்துவிடும்.