வானிலை ரேடியோ: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

வாங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது, இனி தைரியமாக எழுதலாம். மேசையில் வைக்கிற வகை வானிலை ரேடியோ இது. விலை 35 டாலர் சொச்சம். கைக்கு அடக்கமான வெள்ளைப் பெட்டி, பின்னால் நீட்டுகிற ஆன்டெனா, கரன்ட் போனால் ஓட மூன்று ஏஏ பேட்டரி. பாட்டு, செய்தி எதுவும் வராது. அமெரிக்கா முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கோபுரங்களிலிருந்து தேசிய வானிலைச் சேவை 24 மணி நேரமும் வாசித்துக்கொண்டே இருக்கும் அறிக்கை மட்டும்தான் வரும், அதற்கு ஏழே ஏழு அலைவரிசை. சாதாரண நாளில் வாய்மூடிக் கிடக்கும். நம் கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) எச்சரிக்கை வந்தால் தானே விழித்துக்கொண்டு கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் வாங்கினேன்.

நாங்கள் இருப்பது இல்லினாயில், பியோரியாவுக்குக் கிழக்கே உள்ள வாஷிங்டன். சுமார் 16,000 பேர் இருக்கிற சின்ன ஊர். வீடு பார்க்க வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சில தெருக்களில் வீடுகள் எல்லாம் புதிது, மரங்கள் எல்லாம் ஒரே வயது, தொடை கனம்கூட இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போனால் ஒருவர் கைக்குள் அடங்காத மேப்பிள் மரங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். மரத்தைப் பார்த்தாலே அது போன வழி தெரியும் என்றார்.

அவர் சொன்னது 2013 நவம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி வாக்கில், நிறையப் பேர் சர்ச்சில் இருந்த நேரத்தில், இஎஃப்4 டொர்னேடோ (தரையைத் தொட்டுச் சுழன்றடிக்கிற காற்று, 0 முதல் 5 வரை போகிற வலிமைக் கணக்கில் 4) ஊருக்குள் புகுந்து போயிருக்கிறது. காற்று மணிக்கு 190 மைல் வேகம், தடம் மொத்தம் 46 மைல் நீளம், எங்கள் ஊரில் மட்டும் நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டம். நவம்பரில்! டொர்னேடோ என்றால் ஏப்ரல், மே, ஜூன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வருடம் ஏப்ரலில் பியோரியாவில் இல்லினாய் ஆறு 29.35 அடி ஏறி 1943 வெள்ளத்தையே தாண்டியிருக்கிறது, அங்கே 18 அடி தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் ஆற்றைப் பற்றிக் கவலை இல்லை. காற்றுக்கு மேடு பள்ளம் கிடையாதே.

சைரன் இருக்கிறதே, போன் இருக்கிறதே, இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சைரன் வெளியில் இருப்பவர்களை உள்ளே விரட்டுவதற்காக வைத்தது. மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்குச் சோதனைக்காக ஊதுவார்கள். ஒரு தடவை அந்த நேரத்தில் ஜன்னலை மூடி, ஏசி போட்டு, வாஷிங் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமாகக் காதில் விழவில்லை, பத்தேகாலுக்குக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் ஊதி முடித்துவிட்டார்கள் என்றே தெரிந்தது. போன் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இரவில் சைலன்ட்டில் போட்டு வேறு அறையில் சார்ஜ் போடுகிற பழக்கம் எங்கள் வீட்டில், அதோடு பெரிய காற்றில் செல்போன் டவரே சாய்ந்துவிடலாம். இரண்டையும் விட வேண்டாம், தூங்கும்போது மட்டும் அவற்றை நம்ப வேண்டாம்.

போன வசந்தத்தில் ஒரு நாள் அதிகாலை 2:40க்கு இது கத்தியது. முதலில் காதைக் கிழிக்கிற ஒரே சீரான ஊதல், அப்புறம் கணினிக் குரலில் கவுன்டி பெயர், எந்தப் பக்கம் நகர்கிறது, எத்தனை மணி வரை. திரையில் சிவப்பு விளக்கோடு டொர்னேடோ வார்னிங். மனைவி பையனைத் தூக்கிக்கொண்டாள், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேஸ்மென்ட் இறங்கினேன். செருப்பு எடுக்க மறந்துவிட்டோம், வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நாற்பது நிமிடம். இப்போது படிக்கட்டுக்குக் கீழே நான்கு ஜோடி ஷூ எப்போதும் இருக்கிறது, உடைந்த வீட்டிலிருந்து வெளியே வர வேண்டியிருந்தால் முதலில் கண்ணாடியில்தான் கால் வைப்போம். எங்கள் பக்கம் ஆலங்கட்டி மட்டும் கொட்டிவிட்டுப் போனது. புயல் என்றால் மூன்று நாளுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள் என்று பழகிய அம்மாவுக்கு, பத்துப் பதினைந்து நிமிடம்தான் கையில் இருக்கும் என்பதை நம்பவே முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மெனு ஒரே தலைவலி, நான்கு பொத்தானை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்ய வேண்டும், கூட வந்த காகிதத்தில் எழுத்து கடுகளவு. பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லாக் கவுன்டிக்கும் கத்துகிற மாதிரி வைத்திருந்தார்கள். முதல் வாரத்தில் எங்கோ இருக்கிற ஊர்களுக்கெல்லாம் எழுந்தோம், ஒரு கட்டத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட வந்துவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் கவுன்டியின் ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள். எங்கள் டேஸ்வெல் கவுன்டிக்கு 017179. கூடவே பியோரியாவின் 017143ஐயும் போட்டேன், ஏனென்றால் இங்கே புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகிறது, அங்கே எச்சரிக்கை என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். அப்புறம் வெள்ளம், பனி போன்றவற்றுக்குச் சத்தத்தை நிறுத்திவிட்டு விளக்கு மட்டும் எரிகிற மாதிரி வைத்தேன். டொர்னேடோ வார்னிங்கை மட்டும் நிறுத்தவே முடியாது, அது சரியான முடிவு.

ஒன்று மட்டும் மாற்ற முடியவில்லை. எச்சரிக்கை கவுன்டி முழுமைக்கும் வருகிறது. கவுன்டியின் தெற்கு மூலையில் டெலவனில் ஆபத்து என்றாலும் வடகிழக்கு மூலையில் இருக்கிற எங்கள் வீட்டில் கத்தும். போன் இதில் துல்லியம், அபாயம் இருக்கிற பகுதிக்கு மட்டும் அடிக்கும். அதனால் ரேடியோ எழுப்பியதும் போனில் வரைபடம் பார்த்துக்கொள்கிறேன், பேஸ்மென்ட்டில் உட்கார்ந்தபடி.

பேஸ்மென்ட்டில் சிக்னல் இரைகிறது, அதையும் சொல்ல வேண்டும். படுக்கையறையில் ஜன்னல் பக்கமாக வைத்தால் தெளிவாகக் கேட்கிறது, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தபோது கரகரப்பு.

பக்கத்துக் கவுன்டியில் ரோனோக் என்கிற குட்டி ஊருக்கு அருகே ஒரு தொழிற்சாலை இருந்தது. 2004 ஜூலை 13 அன்று எஃப்4 (அப்போதிருந்த பழைய கணக்கில் 4) டொர்னேடோ அதை அடியோடு பெயர்த்துவிட்டது. உள்ளே 100 பேருக்கு மேல், ஒருவர்கூடச் சாகவில்லை. கழிவறைகளையே கான்கிரீட் பாதுகாப்பு அறைகளாகக் கட்டி, வானத்தைக் கவனிக்க ஆள் வைத்து, ஒத்திகையும் பார்த்து வைத்திருந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் ரேடியோவை ஆர்டர் செய்தேன்.

ஐந்துக்கு நாலரை தருகிறேன், அரை மெனுவுக்காகக் குறைத்தது. வாங்குபவர்கள் புதன்கிழமை பகலில் வருகிற வாராந்திரச் சோதனையைக் கவனியுங்கள், அது வராவிட்டால் ஆன்டெனாவையோ எண்ணையோ பார்க்க வேண்டும். பேட்டரியை நான் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற ஞாயிறன்று மாற்றிவிடுகிறேன், பழையது போகவில்லை என்றாலும்.