பனி உருக்கும் நடைபாதை: மின்வடமா, வெந்நீர்க் குழாயா?

ஒரு கிலோ பனிக்கட்டியை 0 டிகிரியிலேயே நீராக்க ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். புதிதாகப் பொழிந்த இலேசான பனி 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் படிந்தால், ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 கிலோ சேர்ந்துவிடும். அதை உருக்க மட்டும் கிட்டத்தட்ட ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் செலவாகும். காற்றும் அடிமண்ணும் இழுத்துக்கொள்ளும் வெப்பம் இதற்கு மேல். எனவே நடைபாதைத் தளத்துக்கு அடியில் மின்சாரத்தால் சூடாகும் வடத்தைப் பதிப்பதா, வெந்நீர் ஓடும் குழாயைப் பதிப்பதா என்று முடிவு செய்யுமுன், அந்த வெப்பம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்பதே முறை.

மின்வடத்தைப் பதிப்பது எளிது. கொதிகலனோ பம்போ தேவையில்லை. ஈரத்தையும் குளிரையும் உணரும் கருவி ஒன்று இருந்தால், பனி விழத் தொடங்கியதும் தானே இயங்கும். ஆனால் சதுர மீட்டருக்குப் பொதுவாக 300 முதல் 500 வாட் வரை இழுக்கும் இந்த முறையை நீண்ட தெருக்களுக்கு விரித்தால் மின்கட்டணம் தாங்காது. படிக்கட்டு, சாய்தளம், மருத்துவமனை வாசல் போன்ற சிறிய இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். அத்தகைய இடங்களில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பே முறியக்கூடும்.

வெந்நீர்க் குழாய் முறையின் மதிப்பு, வேறொரு வேலைக்குப் பயன்பட்டு மீந்த வெப்பம் கிடைக்கும் ஊர்களில்தான் முழுமையாக விளங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹாலந்து நகரம், மின்நிலையத்தில் வீணாகிக்கொண்டிருந்த வெப்பத்தை 1988 முதல் கடைத்தெரு நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிட்டு வருகிறது. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில், வீடுகளைச் சூடாக்கிவிட்டு 35 டிகிரி அளவில் திரும்பும் புவிவெப்ப நீர் தெருவுக்கு அடியில் செல்கிறது. கடுங்குளிர் நாளில் அதனுடன் சூடான நீரையும் கலக்கிறார்கள். இப்படி ஒரு வெப்ப மூலம் இல்லாத நகரம் நடைபாதைக்கென்றே எரிவாயுக் கொதிகலனை எரிப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

ஜப்பானின் நாகவோக்கா நகரம் மூன்றாவது வழியைக் கண்டது. அங்கே நிலத்தடி நீரைச் சாலையின் மேலேயே தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். செலவு குறைவு என்றாலும், அளவின்றி நீரை உறிஞ்சினால் நிலம் தாழ்கிறது. கடுங்குளிரில் தெளித்த நீரே உறைந்துவிடும் என்பதால், மிதமான குளிருள்ள பகுதிகளுக்கே இது உதவும்.

உப்பு இவை எல்லாவற்றையும்விட மலிவானது. ஆயினும் சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே வலுவிழக்கிறது. அதன் குளோரைடு காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்து, மரவேர்களையும் ஓடைகளையும் கெடுக்கிறது. வாங்கும் விலையில் இந்தச் சேதம் சேர்வதில்லை.

வடமானாலும் குழாயானாலும், உருகிய நீர் வடிய வழி இருக்க வேண்டும். இல்லையேல் சூடான தளம் முடியும் விளிம்பில் அது மீண்டும் உறைந்து, முன்பிருந்ததைவிட வழுக்கலான பனித்தகடாகிவிடும். பழுது நேர்ந்தால் தளத்தைப் பெயர்க்க வேண்டியிருப்பதும் இரண்டுக்கும் பொது. ஆகையால் கழிவுநீர்க் குழாய் மாற்றவோ தளம் புதுப்பிக்கவோ தெருவை எப்படியும் தோண்டும் ஆண்டிலேயே இவற்றைப் பதித்துவிடுவது நல்லது.