ஓட்டைத் தொலைத்த துறவி நண்டு: 'அனதர் க்ராப்ஸ் ட்ரெஷர்' எப்படி?

பலமுறை தோற்றுத்தான் ஜெயிக்க முடியும் என்ற 'சோல்ஸ்' வகை வீடியோ கேம் ஆட்டம் என்றாலே இருண்ட கோட்டை, துருப்பிடித்த கவசம், சாம்பல் நிற வானம். சியாட்டிலைச் சேர்ந்த அக்ரோ க்ராப் குழு 2024 ஏப்ரலில் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் அதே கறார் சண்டை, பளிச்சென்ற கார்ட்டூன் கடலடியில் நடக்கிறது. வரி பாக்கிக்காக ஒரு சுறா தன் ஓட்டை ஜப்தி செய்துவிட்டதால், அதை மீட்கக் கிளம்புகிறது க்ரில் என்ற துறவி நண்டு. ஆயுதம், ஒரு முள்கரண்டி.

வேடிக்கைக்காக மட்டும் நண்டைப் போடவில்லை. காலிச் சங்கையே ஓடாக்கிக் குடியிருக்கும் துறவி நண்டுக்கு முன்பாதிதான் கெட்டி. வயிறு மெத்தென்று இருக்கும். சங்குகளில் பெரும்பாலானவை இடம்புரி என்பதால் அந்தச் சுருளுக்கு ஏற்ப வயிறும் ஒருபக்கமாக முறுக்கியிருக்கும். வால் நுனியில் உள்ள கொக்கி சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். பத்துக் கால்களில் இரண்டு கொடுக்குகள், நான்கு நடக்க. கடைசி நான்கும் சிறுத்துப்போய், ஓட்டின் உட்சுவரில் ஊன்றிக்கொள்வதற்கே. உள்ளே இழுத்துக்கொண்டால் பல இனங்களில் பெரிய கொடுக்கே கதவு.

ஆட்டத்தின் தற்காப்பு முழுக்க இதுதான். தடுப்பது என்றால் ஓட்டுக்குள் ஒடுங்குவது. சோடா கேன் முதல் கையில் கிடைக்கும் குப்பை எல்லாம் ஓடு. ஒவ்வொன்றுக்கும் எடை, தாங்கும் அளவு, தனித்திறன் உண்டு. அடி வாங்க வாங்க உடையும். கனமான ஓட்டோடு உருண்டு விலகினால் தாமதமாகும். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: ஒரே ஓட்டைக் கடைசி வரை நம்பி, அது நொறுங்கியதும் வெற்றுடம்போடு பாஸ் எனும் பெரிய எதிரி முன்னால் நிற்பார்கள். பாதி தேய்ந்ததுமே அடுத்தது எங்கே கிடக்கிறது என்று கண் தேட வேண்டும். எதிரியின் அடியைத் தட்டிவிடும் 'பாரி' திறனைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். அடி விழும் நொடியில் தடுப்பை விடுவதுதான் அதன் சூட்சுமம். அழுத்திப் பழகிய விரலுக்கு இது தலைகீழ்.

உடற்கூறு சறுக்கும் இடமும் உண்டு. க்ரில் எந்தக் கேனுக்குள்ளும் சட்டென்று புகுந்துவிடும். நிஜ நண்டு கொடுக்கால் சங்கின் வாயைத் துழாவி, உருட்டிப் பார்த்து, பிறகே மாறும். கேனில் கொக்கி பிடிக்க நடுத்தண்டும் கிடையாது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் பிளாஸ்டிக் கலன்களுக்குள் சிக்கி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துறவி நண்டுகள் மடிந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் ஒன்று செத்தால், 'ஓடு காலி' என்று அந்த வாசனைக்கு அடுத்தது வந்து விழும். ஆட்டத்தில் நாணயமே மைக்ரோபிளாஸ்டிக் என்பதைப் பார்த்துச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

குறைகள்: மூலையில் மாட்டினால் கேமரா சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, தாவும் பகுதிகளில் தூரம் கணிப்பது சிரமம். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் பிரேம் ரேட் தடுமாறி, காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது. கணினியோ பிஎஸ்5-ஓ இருந்தால் அதிலேயே வாங்குங்கள்.

சோல்ஸ் பக்கமே தலைவைக்காதவர்களும் தயங்க வேண்டாம். உதவி அமைப்பில் எதிரியின் அடியைக் குறைக்கலாம், ஓட்டின் உறுதியைக் கூட்டலாம், ஆட்ட வேகத்தையும் தளர்த்தலாம். அதுவும் போதாது என்றால் க்ரிலுக்கு ஒரு துப்பாக்கி தரும் தேர்வு இருக்கிறது. ஓடாக முதுகில் ஏறும் அது, எந்த பாஸையும் ஒரே சூட்டில் முடித்துவிடும்.