பேனா செட்டிங்ஸை எங்கே மாற்றுவது: விண்டோஸிலா, டிரைவரிலா, வரையும் மென்பொருளிலா?

கணினியில் வரைவதற்கான புது பேனா டேப்லெட்டை இணைத்து முதல் கோட்டை இழுக்கிறோம். முனை பட்ட இடத்தில் ஒரு சின்ன வளையம் தோன்றி மறைகிறது. கோடு கொஞ்சம் தயங்கித்தான் கிளம்புகிறது. லேசாகத் தொட்டால் ஒன்றும் விழவில்லை, சற்று அழுத்தினால் மொத்தையாக அப்பிக்கொள்கிறது. பேனா சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அநேகமாகப் பேனாவில் ஒரு குறையும் இருக்காது. விண்டோஸில் ஒரு செட்டிங்ஸ், டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்க அதன் கம்பெனி தரும் நிரலான டிரைவரில் ஒன்று, வரையும் மென்பொருளுக்குள் இன்னொன்று என்று ஒரே பேனாவுக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றிலும் கைவைத்துவிட்டால், எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே அப்புறம் ஒரு நாள் போய்விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையைச் சேர்ந்ததை டிரைவரில் மாற்றுங்கள், பிரஷ்ஷைச் சேர்ந்ததை மென்பொருளில் மாற்றுங்கள். விண்டோஸில், குறுக்கே வருவதை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விண்டோஸ் தருவது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் பென் அண்ட் விண்டோஸ் இங்க். விண்டோஸ் 10-இல் டிவைசஸ் என்பதற்குள் அதே பெயரில் இருக்கும். எந்தக் கையால் எழுதுகிறீர்கள், பேனாவின் பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் எது திறக்க வேண்டும், பேனாவைப் பயன்படுத்தும்போது விரல் தொடுதலைப் பொருட்படுத்தாமல் விடலாமா என்பவைதான் இங்கே முக்கியமானவை. தொடுதிரை லேப்டாப்பில் குறிப்பெடுப்பவருக்கு அந்தக் கடைசி ஒன்று பெரிய உதவி. உள்ளங்கை பட்டுப் பக்கம் நகர்ந்துபோகும் தொல்லை அதோடு அடங்கும். அழுத்தத்துக்கான ஸ்லைடர் மட்டும் இந்தப் பக்கத்தில் கிடையாது. சர்ஃபேஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு சர்ஃபேஸ் ஆப்பில் அது தனியாக இருக்கிறது.

முதலில் சொன்ன வளையத்துக்கான மருந்து இங்கே இல்லை, பழைய கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. பென் அண்ட் டச் என்பதைத் திறந்து, பிரஸ் அண்ட் ஹோல்ட் வரியைத் தேர்ந்து, அதன் செட்டிங்ஸில் ரைட் கிளிக்குக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். முனை ஒரே இடத்தில் நின்றால் ரைட் கிளிக் கேட்கிறார் போல என்று விண்டோஸ் காத்திருக்கிறது. கோடு தாமதிப்பதற்கு அதுதான் காரணம். வரைபவர் யாராக இருந்தாலும் முதலில் அணைக்க வேண்டியது இதைத்தான். எழுத மட்டும் செய்பவர் அப்படியே விடலாம், ரைட் கிளிக்குக்கு அது வசதிதான்.

டிரைவர் தருவது

அழுத்தத்தைத் தொடும் முன்பு ஒரு சோதனை. திரை இல்லாத டேப்லெட் என்றால், ஒரு பாட்டில் மூடியை அதன் மேல் வைத்து, விளிம்பையொட்டிப் பேனாவால் ஒரு சுற்று சுற்றுங்கள். திரையில் வட்டம் விழுந்தால் சரி. முட்டை வடிவம் விழுந்தால், டேப்லெட்டின் பரப்பும் மானிட்டரின் பரப்பும் ஒரே விகிதத்தில் இல்லை என்று அர்த்தம். டேப்லெட் 16:10, மானிட்டர் 16:9 என்றால் வட்டம் சுமார் 11 சதவீதம் அகன்றுவிடும். இது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, ஆனால் வரைகிற ஒவ்வொரு முகத்திலும் கன்னம் உப்பியிருக்கும். 16:9 மானிட்டர் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, அதே 16:10 டேப்லெட் முழுவதையும் இரண்டுக்குமாகப் பரப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: உயரத்தைப் போல சுமார் இரண்டேகால் மடங்கு அகலத்தில் 'வட்டம்' விழும். வாக்கம் டிரைவரில் மேப்பிங் பக்கத்தில் ஃபோர்ஸ் புரோபோர்ஷன்ஸ் என்ற டிக் இதற்காகவே இருக்கிறது. மற்ற கம்பெனிகளின் டிரைவரிலும் விகிதத்தைப் பூட்டும் வசதி வேறு பெயரில் இருக்கும். கை எவ்வளவு பழகினாலும் சரியாகாத தவறு இது. இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் டிரைவர்தான்.

திரையுள்ள டேப்லெட்டில் இதற்குப் பதிலாக கேலிபிரேஷன் பாருங்கள். முனைக்கும் கர்சருக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், வழக்கமாக உட்காரும் நிலையிலேயே உட்கார்ந்து அதைச் செய்யுங்கள். எழுந்து நின்று குனிந்து செய்தால் கோணம் மாறி மறுபடி தப்பும்.

இனி அழுத்தம். டிரைவரில் மென்மை, கடினம் என இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்லைடர், அல்லது எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு அழுத்தமாகக் கணக்கில் வரும் என்று காட்டும் வளைந்த கோடு (அழுத்த வளைவு) ஒன்று இருக்கும். இது உங்கள் கையின் பலத்துக்கானது. லேசான கை என்றால் மென்மைப் பக்கம், பேப்பரைக் கிழிக்கிற கை என்றால் கடினப் பக்கம். மணிக்கட்டு வலிக்கிறது என்பவர் முதலில் மாற்ற வேண்டியதும் இதுதான். 8192 அழுத்த நிலைகள், 16384 அழுத்த நிலைகள் என்று டேப்லெட் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 20 பிக்சல் தடிமனுள்ள பிரஷ்ஷை 8192 நிலைகளாகப் பிரித்தால் ஒரு நிலைக்கு ஒரு பிக்சலில் நானூறில் ஒரு பங்குதான் வரும். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. வளைவு கைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கோட்டில் தெரியும்.

மென்பொருள் தருவது

கிரீட்டாவில் கான்ஃபிகர் கிரீட்டாவுக்குள் டேப்லெட் பக்கத்தில் ஒரு பொதுவான அழுத்த வளைவு, அதற்கு மேல் ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் தனி வளைவு. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டில் ஃபைல் மெனுவிலேயே ஒரு வழி உண்டு: நீங்கள் பாட்டுக்கு லேசாகவும் அழுத்தியும் கிறுக்க வேண்டியது, வளைவை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். வளைவு என்றாலே மிரளுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரும் மென்பொருளுக்குள்தான் இருப்பது நல்லது. மை தீட்டும்போது அது வேண்டும், கிறுக்கிப் பார்க்கும்போது கையை இழுத்துப் பிடிக்கும். அதனால் பிரஷ்ஷுக்குப் பிரஷ் மாறத்தான் வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், டிரைவரிலும் மென்மை, மென்பொருளிலும் மென்மை என்று வைக்கும்போது. டிரைவரின் வளைவு 25 சதவீத அழுத்தத்தை 50 ஆக்குகிறது என்று வையுங்கள். அந்த 50 மென்பொருளுக்குப் போகிறது. அங்கேயும் அதே வளைவு இருந்தால் 71 ஆகிவிடும். கால்வாசிதான் அழுத்தினீர்கள், கோடு முக்கால்வாசிக்குத் தடித்துவிட்டது. 'ழ' எழுதிப் பாருங்கள். முதல் இழுப்பு, நடு வளைவு, கீழ்ச்சுழி மூன்றும் ஒரே தடிமனில் வந்தால் இந்த இரட்டை வளைவு நடக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒன்றை நேர்கோடாக (அதாவது வரும் அழுத்தத்தை அப்படியே அனுப்பும்படி) வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் மாற்றுங்கள். பல மென்பொருள்களில் வேலை என்றால் டிரைவரில் வளைவு, மென்பொருளில் நேர்கோடு. ஒரே மென்பொருளோடு வாழ்பவர் தலைகீழாக வைத்தாலும் தப்பில்லை.

வின்டேப்பா, விண்டோஸ் இங்க்கா?

அழுத்தமே வேலை செய்யவில்லை, கோடு முழுக்க ஒரே தடிமன் என்றால் விஷயம் வேறு. பேனாவின் தகவல் மென்பொருளுக்குப் போக விண்டோஸில் இரண்டு பாதைகள். 1990-களின் தொடக்கத்தில் உருவான வின்டேப் ஒன்று. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பாதையான விண்டோஸ் இங்க் மற்றொன்று. இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. டிரைவர் ஒன்றிலும் மென்பொருள் மற்றொன்றிலும் நின்றால் அழுத்தம் காணாமல் போகும், அவ்வளவுதான். டிரைவரில் விண்டோஸ் இங்க் டிக் இருக்கிறதா என்று பார்த்து, கிரீட்டாவின் டேப்லெட் பக்கத்தில் அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்து, கிரீட்டாவை மூடித் திறங்கள். கிளிப் ஸ்டுடியோவில் அதே தேர்வு டேப்லெட் பிசி என்ற பெயரில் இருக்கும். போட்டோஷாப் இயல்பாக விண்டோஸ் இங்க்கையே எதிர்பார்க்கும், ஆகவே அதற்காக டிக்கை விட்டுவைப்பது எளிது.

இரண்டும் பொருந்தியும் அழுத்தம் வரவில்லையா? பழைய டேப்லெட்டின் டிரைவர் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை வேறு கம்பெனி டேப்லெட்டுக்கு மாறியபோது பழையதை நீக்க மறந்து, ஒரு மாலை முழுக்க பேனாவின் நிப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டையும் நீக்கி, கணினியை மறுபடி துவக்கி, புதியதை மட்டும் போட்டதும் கோடு உயிர் பெற்றது.

ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்ற திறமூல டிரைவரும் போட்டியில் உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், டேப்லெட்டின் பரப்பை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸில் அழுத்தம் கிடைக்கத் தனியாகச் சில துணை நிரல்களைப் போட வேண்டும். கம்பெனியே கைவிட்ட பழைய டேப்லெட் இருந்தால் இதைத் தேடிப் போகலாம். புதிதாக வரையத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேக்கில் சுருக்கமான கதை: கையைச் சேர்ந்தது எல்லாமே டிரைவரில்தான். பேனா அசையவே மறுத்தால் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் அக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள். லினக்ஸில் வாக்கம் டிரைவர், அதன் மையப் பகுதியான கெர்னலோடே வருகிறது. குனோம் டெஸ்க்டாப் என்றால் அதன் செட்டிங்ஸிலேயே அழுத்த ஸ்லைடர் உண்டு.

எல்லாம் கைக்கு வந்தபிறகு அந்த டிரைவர் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரைப் புதுப்பிக்கும்போது வளைவு பழையபடி நேர்கோட்டுக்குப் போய்விடுவது உண்டு; படம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் திரும்ப வைத்துவிடலாம்.